கிட்டப் போய்ப் பாருங்கள்: பெங்களூரில் வரையத் தொடங்கியிருப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரைய உட்கார்ந்து, ஆறரை மணிக்கு வெற்றுத் தாளோடு எழுந்திருக்கிறீர்களா? இடைப்பட்ட நேரம் முழுக்கக் கைப்பேசியில் மற்றவர்களுடைய படங்களைப் பார்ப்பதில் போயிருக்கும். முதல் பத்துப் படம் ஆசையாக இருக்கும். இருபதாவது படத்தில் வயிற்றுக்குள் ஏதோ கனக்கும். நாற்பதாவது படத்தில் பென்சிலை டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவீர்கள்.

எனக்கு இது பதினான்கு மாதம் நீடித்தது. திருப்பத்தூரிலிருந்து 2008இல் வேலைக்காகப் பெங்களூருக்கு வந்தேன். சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலை. பகலெல்லாம் பிள்ளையாரும் வாழைமரமும் நாதஸ்வரமும். இரவில் அல்சூர் அறையில் எனக்கென்று கொஞ்சம் நீர்வண்ணம். சில ஆண்டுகள் நன்றாகத்தான் போயின. பிறகு ஒரு குழுக் கண்காட்சியில் என் படங்கள் மூன்றை மாட்டினார்கள். பக்கத்தில் என்னைவிட ஏழு வயது இளைய ஒரு பெண்ணின் படங்கள். மழையில் நனைந்த ஒரு சாலையை அவள் நான்கைந்து தீற்றல்களில் கொண்டுவந்திருந்தாள். அதே போன்ற சாலைக்கு நான் நான்கு ஞாயிறு செலவழித்திருந்தேன், அப்படியும் அது நனையவில்லை. வீட்டுக்கு வந்ததும் வண்ணப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன்.

அதை மறுபடி இறக்கிய விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஊரைவிட்டு இந்த நகரத்துக்கு வந்து, வேலைக்கும் வாடகைக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் வரைகிற புதியவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சந்தேகமும் ஒப்பீடும் தூரத்தில்தான் வளர்கின்றன என்பது நான் கண்டது. பக்கத்தில் போய் நின்றால் அவை செய்யக்கூடிய வேலையாகச் சுருங்கிவிடுகின்றன. மற்றவர் படமாக இருந்தாலும் சரி, நம் தெருமுனையாக இருந்தாலும் சரி.

முதலில் சந்தேகத்தை எழுதுங்கள்

"எனக்கு வராது" என்ற வாக்கியத்தோடு யாராலும் மல்லுக்கட்ட முடியாது. பிடிக்க அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. ஒரு நோட்டில் அதை எழுதி, கீழே "எது வராது?" என்று கேளுங்கள். "எதுவுமே வராது" என்றுதான் முதலில் பதில் வரும். மறுநாள் மறுபடி கேளுங்கள். நான் கேட்டபோது மூன்றாவது நாள் ஓர் உருப்படியான பதில் வந்தது: "ஈரம் காய்வதற்குள் அடுத்த நிறத்தை வைக்கப் பயப்படுகிறேன். அதனால் எல்லா இடத்திலும் விளிம்பு கட்டிக்கொள்கிறது."

இதற்கு மருந்து உண்டு. பழைய தாள்களை உள்ளங்கை அளவுக்கு இருபது துண்டாக வெட்டினேன். ஒவ்வொன்றிலும் நீலத்தைப் பூசி, ஒவ்வொரு அளவு ஈரத்தில் பழுப்பை வைத்துப் பார்த்தேன். தாள் கண்ணாடிபோல் பளபளக்கும்போது வைத்தால் நிறம் ஓடுகிறது. பளபளப்பு அடங்கி வெறும் ஈரமாக இருக்கும்போது தண்ணீர் மிகுந்த பிரஷை வைத்தால் காலிஃபிளவர் போலத் திட்டு விழுகிறது. அதே ஈரத்தில் கெட்டியான நிறத்தை வைத்தால் மெல்லப் பரவி, போதும் என்று நின்றுவிடுகிறது. ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. என் சந்தேகத்தில் கால்வாசி அந்த இருபது துண்டுகளோடு போய்விட்டது.

எழுதும்போது இன்னொன்றும் தெரியவரும். நோட்டில் விழும் வரிகளில் சில உங்களுடையவையே அல்ல. "படம் போட்டு எவ்வளவு சம்பாதிப்பாய்?" என்பது ஊரிலிருக்கும் சித்தப்பாவின் கேள்வி. அது நியாயமான கேள்விதான், ஆனால் பணக் கணக்கு. வாடகை, தாள் செலவு, சம்பளம் மூன்றையும் ஒரு தனி நாளில் தனித் தாளில் போட்டுப் பாருங்கள். பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டால் இரண்டும் கெட்டுவிடும். வேறு சில நாட்களில் சந்தேகமே இருக்காது. சில்க் போர்டு சந்திப்பில் ஒன்றரை மணி நேரம் நின்ற களைப்பு மட்டும் இருக்கும். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கைப்பேசியை வரைந்த பிறகு எடுங்கள்

ஒப்பிடுவதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தன்னை அளக்கத் தெளிவான அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதன் பிறரைப் பார்த்துத் தன்னை அளந்துகொள்கிறான் என்பதும், திறமையில் தனக்கு நெருக்கமானவர்களையே அதற்குத் தேர்ந்தெடுக்கிறான் என்பதும் அவர் முன்வைத்த கருத்து. ஓடுகிறவனுக்கு நொடிக் கணக்கு இருக்கிறது. வரைகிறவனுக்கு என்ன இருக்கிறது? பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கெட்டுப்போயிருப்பது அந்தப் "பக்கம்". திருப்பத்தூரில் எனக்குப் பக்கம் என்றால் டிராயிங் மாஸ்டரின் வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும், பஸ் நிலையத்தில் பெயர்ப்பலகை எழுதிய அண்ணனும்தான். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர், ஆனால் எண்ணெய்ப் பெயின்டை எப்படிக் கலக்குகிறார் என்பதை எதிர்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. கைப்பேசியில் முப்பது ஆண்டு பழகிய கையும், நேற்றுத் தொடங்கிய கையும் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ஆறடிக் கித்தானும் அஞ்சலட்டையும் ஒரே அளவாகத் தெரிகின்றன. கிழித்துப் போட்ட தாள் எதுவும் அங்கே வருவதில்லை.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. வரைவதற்கு முன் மற்றவர் படங்களைத் திறப்பதில்லை. வரைந்து முடித்து, தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி வைத்த பிறகு இருபது நிமிடம். அதில் பிடித்த படம் ஒன்றே ஒன்றை எடுத்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி போட்டு, ஒரு வாரம் சுவரில் ஒட்டி வைப்பேன். நிறம் போய்விட்டால் மயக்கமும் கொஞ்சம் போய்விடும். வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே, நடுத்தரம் எங்கே என்ற கட்டுமானம் மட்டும் மிஞ்சும். பல நல்ல படங்களில் இருட்டு ஒரே ஒரு இடத்தில்தான் திரண்டு நிற்கிறது என்பதை அந்தப் பிரதிகளிலிருந்துதான் கற்றேன்.

பொறாமைப்பட்ட ஆளையே போய்ப் பாருங்கள்

இது எல்லோருக்கும் எளிதாக வராது, எனக்கும் வரவில்லை. பரணில் பெட்டி ஏறிப் பதினான்கு மாதம் கழித்து அந்த மழைச் சாலைப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். "அக்கா, வாருங்களேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்" என்றாள்.

போய்ப் பார்த்தபோது நான் எதிர்பார்த்த மேதைமை எதுவும் அந்த அறையில் கண்ணில் படவில்லை. இரண்டு செங்கல் இருந்தன. அவற்றின் மேல் பலகையை நன்றாகச் சாய்த்து வைத்து, சுவருக்கு வார்னிஷ் அடிக்கும் இரண்டு அங்குலப் பிரஷால் மேலிருந்து கீழே இழுத்தாள். தண்ணீர் தானாக இறங்கி, அடியில் ஒரு மணியாகத் திரண்டது. அடுத்த இழுப்பில் அந்த மணியைத் தொட்டுக் கீழே கொண்டுபோனாள். சாலை நனைந்துவிட்டது. என் பலகை ஆறு ஆண்டுகளாக மேஜையில் தட்டையாகப் படுத்திருந்தது. கையில் பத்து ரூபாய் சின்னப் பிரஷ்.

அவளுக்கும் எனக்கும் இருந்த இடைவெளி முழுவதும் இரண்டு செங்கல்தான் என்று சொல்ல மாட்டேன். அவள் கண் கூர்மையானது, இன்றும் எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. ஆனால் பதினான்கு மாதம் நான் "பிறவித் திறமை" என்று நினைத்துப் புழுங்கியதில் பாதி, சாய்வும் பிரஷும்தான். தள்ளி நின்றபோது அது தெரியவில்லை. நீங்கள் யாரைப் பார்த்துக் குமைகிறீர்களோ அவர் இதே ஊரில் இருந்தால், ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "எப்படி இவ்வளவு நன்றாக வரைகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், அதற்கு யாருக்கும் பதில் தெரியாது. "பலகையை எப்படி வைக்கிறீர்கள்? எந்தத் தாள்? எதை முதலில் போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விகளை மொத்தமாகக் கேட்க இந்த ஊரில் ஒரு நாள் இருக்கிறது. ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தையை நடத்துகிறது. குமர க்ருபா சாலையில் பல மாநில ஓவியர்கள் சாலையோரமாகப் படங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதியவர்களுக்கு அந்த நாள் திகைப்பாகவும் இருக்கலாம். இத்தனை பேர் இருக்கும்போது நான் எதற்கு என்று தோன்றும். காலையில் கூட்டம் சேருமுன் போங்கள். முதல் சுற்றில் எதையும் படம் பிடிக்காமல் நடந்து முடியுங்கள். இரண்டாவது சுற்றில் மூன்றே பேரிடம் நின்று, ஆளுக்கு ஒரு கேள்வி. முடிந்தால் யாரிடமாவது ஒரு சின்னப் படம் வாங்குங்கள். காசு கொடுத்து வாங்கிய படத்தை வீட்டில் தினமும் பார்ப்பீர்கள், அது நல்ல ஆசிரியர்.

ஒரே படத்தின் முன் அரை மணி நேரம்

அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. 1960இல் தொடங்கப்பட்ட சித்ரகலா பரிஷத்துக்குள்ளேயே ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக், அவர் மகன் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக் ஆகியோரின் ஓவியங்களும், மைசூர் மரபு ஓவியங்களும், தோல்பாவைகளும் இருக்கின்றன. கஸ்தூர்பா சாலையில் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. புறப்படும் முன் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லா அறைகளையும் சுற்றிவிட்டு வருவதால் கால் வலிதான் மிச்சம். ஒரு படம் போதும். முதல் ஐந்து நிமிடம் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிறகு காவலர் அனுமதிக்கும் தூரம் வரை கிட்டப் போங்கள். ஓவியர் எங்கே மனத்தை மாற்றிக்கொண்டார் என்று தேடுங்கள்: மூடப்படாத பென்சில் கோடு, மேலே பூசிய பிறகும் அடியில் தெரியும் வேறு நிறம், அவசரத்தில் விட்ட மூலை. பிறகு அனுமதி கேட்டுக்கொண்டு, பென்சிலால் தீப்பெட்டி அளவில் அதன் ஒளி நிழலை மட்டும் வரையுங்கள். படைத்தவரின் தயக்கத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், நம் தயக்கம் அவ்வளவு கேவலமாகத் தெரிவதில்லை.

தத்ரூபமாக வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் தோல்பாவைகளின் முன் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. முகம் பக்கவாட்டில், கண் நேராக, உடம்பெல்லாம் துளைகள். எதுவும் தத்ரூபம் கிடையாது. விளக்கு வெளிச்சம் துளை வழியாக வந்தால்தான் நகை மின்னும் என்று தெரிந்து துளைத்த கை அது.

பார்த்து வரைவதில் வெட்கம் வேண்டாம்

"காப்பி அடிக்கிறாய்" என்ற சொல் நம்மைப் பள்ளியிலிருந்தே துரத்துகிறது. எங்கள் அம்மா மார்கழியில் எதிர்வீட்டுக் கோலத்தைப் புள்ளி எண்ணி நோட்டில் போட்டுக்கொண்டு வருவார். மறுநாள் எங்கள் வாசலில் அது இருக்கும், ஒரு சுழி கூடுதலாக. எதிர்வீட்டு அத்தை சண்டைக்கு வந்ததில்லை.

ஒரு படத்தை மூன்று முறை வரையுங்கள். முதல் முறை பார்த்துப் பார்த்து, அச்சாக. இரண்டாம் முறை படத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து. மூன்றாம் முறை அதே முறையில் உங்கள் தெருவை. இரண்டாவது தாளைக் கவனமாகப் பாருங்கள். நினைவு தவறிய இடங்களில் உங்கள் கை தன் போக்கில் ஏதோ இட்டு நிரப்பியிருக்கும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மனிதர்களின் கால்கள் சின்னதாகிவிடும், கை பெரிதாகிவிடும். முதலில் அதைப் பிழை என்று திருத்தினேன். இப்போது பல சமயம் விட்டுவிடுகிறேன்.

பார்த்து வரைந்த தாளின் கீழே "இன்னாரைப் பார்த்து வரைந்தது" என்று கட்டாயம் எழுதுங்கள். அதை விற்கவும் கூடாது, உங்களுடையது என்று காட்டவும் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

திருச்சிப் பக்கம் 1938இல் பிறந்த ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைத் தமிழ் வாசகர்கள் சிற்றிதழ்களிலும் புத்தக அட்டைகளிலும் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு அவர் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து குவித்தார். அப்படிப் பெயர் பெற்ற கறுப்புக் கோட்டோடு நின்றுவிடாமல், பின்னாளில் உருவமே இல்லாத எண்ணெய் வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அவர் கோட்டை நான் இரண்டு நோட்டு நிறைய வரைந்து பார்த்திருக்கிறேன். அந்த வேகம் எனக்கு வரவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகை எழுத்து வேலையில் பழகிய என் மணிக்கட்டு எங்கே தயங்குகிறது என்பது தெரிந்தது.

ஒரே பொருள், அறுபது முறை

புதிய உந்துதல் தேடிச் சிலர் ஹம்பிக்கும் கூர்க்குக்கும் போகிறார்கள். போகட்டும். எனக்கு அது எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில் கிடைத்தது.

வண்டிக்காரர் வேலூர்ப் பக்கம், முப்பது ஆண்டுகளாக அல்சூரில் இருக்கிறார். நீல வண்டி, மேலே தார்ப்பாய், நடுவில் பழைய போர்வை விரித்த பலகை, அதன் மேல் கரி போடும் பித்தளை இஸ்திரிப் பெட்டி. தினமும் வேலைக்குப் போகும் முன் பத்து நிமிடம் நின்று அந்தப் பெட்டியை வரைந்தேன். முதல் வாரம் பெட்டி மட்டும். எட்டாவது, ஒன்பதாவது தாளில் அலுப்புத் தட்டியது. இதில் இனி என்ன இருக்கிறது என்று தோன்றியது. இந்த அலுப்பைத் தாண்டுவதுதான் இந்தப் படியின் உயிர், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தெரிந்ததையெல்லாம் வரைந்து தீர்த்துவிட்டோம் என்பதன் அறிகுறி அந்த அலுப்பு. அதற்குப் பிறகுதான் பார்க்கவே ஆரம்பிக்கிறோம். பன்னிரண்டாவது தாளில் பெட்டியின் பக்கத் துளைகளுக்குள் இருக்கும் சிவப்பு, காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் வேறு வேறு என்று கண்டேன். இருபதாவது தாளில் பெட்டியை விட்டுவிட்டுச் சட்டைகளின் மடிப்பை வரைந்தேன். முப்பதுக்கு மேல் அவருடைய வலது தோள், இடது தோளைவிடத் தாழ்ந்திருப்பது கண்ணில் பட்டது. அது அத்தனை நாளும் என் எதிரே இருந்தது.

பதினைந்தாவது நாள் வாக்கில் அவர் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா, கொக்கியைப் பின்னால் போட்டிருக்கிறீர்கள்? கொக்கி முன்பக்கம், கீல்தான் பின்பக்கம். இப்படி இருந்தால் கரி போடும்போது மூடி என் கை மேல் விழும்."

"கவனிக்கவில்லை அண்ணா."

"இதோ, திறந்து காட்டுகிறேன், பாருங்கள்."

கண்காட்சிகளில் எனக்குக் கிடைத்த எந்த விமர்சனமும் அவ்வளவு பயன்பட்டதில்லை.

மரத்தையும் இப்படித் தேர்ந்தெடுக்கலாம், பெங்களூர் அதற்கென்றே அமைந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லால்பாக் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த ஜெர்மன் தாவரவியலாளர் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி மரங்களைத் தேர்ந்து நட வழிசெய்தார். ஆண்டின் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா, மார்ச் வாக்கில் ஜகரண்டாவின் ஊதா, ஏப்ரல், மே மாதங்களில் குல்மோஹரின் செம்மை. ஒரே மரத்தைப் பூவோடும் பூவில்லாமலும் ஆண்டு முழுக்க வரையலாம். பூவே வேண்டாம் என்றால் லால்பாகில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறை இருக்கிறது, வயது சுமார் 300 கோடி ஆண்டு. அதன் வரிகளைப் பென்சிலால் பிடிக்க ஒரு மழைக்காலம் போதாது.

இந்த ஊர்ப் பூமரங்களை வரைந்தே வாழ்ந்தவர் ருமாலெ சென்னபசவய்யா, 1910 முதல் 1988 வரை வாழ்ந்தவர். சுதந்திரப் போராட்டம், பத்திரிகை, அரசியல் என்று நடுவயது வரை போய், பிறகு ஓவியத்துக்குத் திரும்பினார். மரத்தடியிலேயே நின்று வரைந்தார். தாமதமாகிவிட்டது என்று யாராவது என்னிடம் சொன்னால் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

யாரிடம் காட்டுவது

எல்லோரிடமும் காட்ட வேண்டாம். இரண்டு பேர் போதும்: வரைபவர் ஒருவர், வரையப்படும் பொருளை அறிந்தவர் ஒருவர். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். "உங்கள் கண் முதலில் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த இடத்துக்கே போனால் படம் பாதி வென்றுவிட்டது. "எங்கே அலுக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சொல்லப் பெரும்பாலானவர்கள் தயங்குவார்கள், அதனால் காத்திருங்கள்.

கப்பன் பூங்காவிலும் லால்பாகிலும் ஞாயிறு காலையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், விரட்ட மாட்டார்கள். மொழி தெரியாத தயக்கம் இருந்தால் அல்சூர் ஏரிக்கருகே பெங்களூர் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கலையில் ஆர்வமுள்ள நாலு பேரின் அறிமுகம் கிடைக்க நல்ல இடம்.

உறவினர்களிடம் காட்டுவதை முதல் ஆண்டு தள்ளிப்போடுங்கள். அன்பு காரணமாக அவர்கள் சொல்லும் பாராட்டும் உதவாது, கவலை காரணமாகச் சொல்லும் குறையும் உதவாது.

எல்லாத் தாளிலும் பின்பக்கம் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். மோசமான தாள்களையும் கிழிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரே பொருளின் இரண்டு தாள்களைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எதுவும் தோன்றாத நாட்களில்

வரும், எல்லோருக்கும் வரும். அப்போது பொருளை மாற்றாமல் கருவியை மாற்றிப் பாருங்கள். ஒரு மழைக்காலத்தில் எனக்கு நிறத்தைப் பார்த்தாலே அலுத்தது. இஸ்திரி வண்டி அண்ணனிடம் அணைந்த கரித்துண்டு இரண்டு கேட்டேன். பழுப்புக் காகிதத்தில் அந்தக் கரியாலேயே வண்டியை வரைந்தேன். கரி கோட்டுக்குப் படியாது. தேய்த்தால் பரவும், அழுத்தினால் உடையும். சுத்தமான பத்திரிகை எழுத்துக்குப் பழகிய என் கைக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. நல்ல கரி வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை, காசும் செலவில்லை.

சில சமயம் ஓவியத்தையே கொஞ்ச நாள் விட்டு வேறொன்றில் மூழ்குவதும் சரிதான். கல்கத்தாவில் அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்ற கே. வெங்கடப்பா, மைசூர் திரும்பிய பின் வீணை சேஷண்ணாவிடம் வீணை கற்பதில் தன்னை முழுக்கக் கொடுத்தார். கஸ்தூர்பா சாலையிலுள்ள வெங்கடப்பா கலைக்கூடம் இன்றும் ஓவியர் என்றே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நீங்கள் நாலு வாரம் தையலோ மண்வேலையோ செய்தால் ஓவியம் கோபித்துக்கொண்டு போய்விடாது.

ஆனால் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், வாழ்வதே வீண் என்ற எண்ணம் வருமானால் அது ஓவியச் சந்தேகம் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இதே ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் இருக்கிறது.

வரும் ஞாயிறு

எல்லாப் படிகளையும் ஒரே வாரத்தில் ஏற முயலாதீர்கள். இந்த வாரம் இது மட்டும்: பாதித்தாள் அளவுள்ள நோட்டு ஒன்று, 4பி பென்சில் ஒன்று, தாள் பறக்காமலிருக்க ஒரு கிளிப், தண்ணீர். காலை எட்டு மணிக்குக் கப்பன் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை உள்ளே வாகனங்களை விடுவதில்லை. கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். ஒரு மரத்தின் அடிப்பகுதியை மட்டும், வேரும் தண்டும் சேரும் இடத்தை, பத்துப் பத்து நிமிடத்தில் மூன்று தாள். மூன்றையும் வரைந்து முடிக்கும் வரை முதல் தாளைத் திருப்பிப் பார்க்காதீர்கள். தேதியும் இடமும் எழுதிவிட்டு இட்லி சாப்பிடப் போங்கள்.

அங்கே உட்கார்ந்திருக்கும் யாரையாவது வரையத் தோன்றினால் "சித்ர பிடிஸபஹுதா?" என்று கேளுங்கள், வரையலாமா என்று அர்த்தம். கேட்கும் கன்னடத்தில் தப்பிருந்தாலும் பெரும்பாலும் சிரித்துத் தலையசைத்துவிடுவார்கள். வரைந்து முடித்ததும் எழுந்து வந்து நோட்டைப் பார்க்கக் கேட்பார்கள். மூடாதீர்கள், காட்டுங்கள்.